கொழுந்து படிக்கிற பள்ளிக்கூடம்

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். ஊசிமலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கூரை ஏற்கெனவே பிய்ந்துதான் கிடந்தது. கொடுக்கிற தெய்வத்தைத்தான் காணோம்.

கொட்டகலையில் பஸ் ஏறி, அது மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் இறங்கி, மேட்டைப் பிடித்து நடந்தால் ஊசிமலை. வெள்ளைக்காரன் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தான். அந்தப் பெயரைத் தேயிலைப் பெட்டியில் அச்சடிப்பதோடு சரி. தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளில், அதாவது லயங்களில், கடைசி லயத்துக்குப் பின்னால் முன்பு உரமூட்டை அடுக்கிய தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் பள்ளிக்கூடம். ஒரே அறை, அதற்குள் ஐந்து வகுப்பு, ஐந்துக்கும் ஒரே வாத்தியார். அவர் பெயர் வியாகுலம் மாஸ்டர். முதலாம் வகுப்பு அரிச்சுவடியைக் கத்தும், மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்தும், இரண்டுக்கும் மேலே மாஸ்டர் கத்துவார். மழை வந்துவிட்டால் ஒழுகாத மூலைக்கு எல்லாரும் ஒன்றாக நகர்வார்கள். அந்த நேரம் மட்டும் ஊசிமலையில் வகுப்பு வேற்றுமையே கிடையாது.

போன ஆடி மழையில் இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குள் குடை பிடித்துக்கொண்டுதான் நின்றார். நல்ல மனுஷர்தான், ஆனால் சொன்னதைச் செய்கிறவர். அடுத்த முறை வரும்போது ஒழுகாத கூரையும், ஒரு வகுப்பின் சத்தம் இன்னொரு வகுப்புக்குக் கேட்காத மாதிரி ஓர் இடமும் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தைப் பதிவிலிருந்து வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வெட்டினால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கொஞ்சம் உயரமான பிள்ளைகளைச் செக்ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் அரைப் பேராகப் பதிந்து, அரைச் சம்பளத்துக்குப் புல்லுவெட்ட அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை எழுத்தைப் பார்ப்பது தேயிலைப் பெட்டியில்தான்.

கொழுந்தெடுக்கிற காளியாயிக்கு இதில் எல்லாரையும்விட அதிகப் பயம். அவள் மகள் பாக்கியம் ஐந்தாம் வகுப்பு. கருவாடு சுற்றி வருகிற பேப்பரைக்கூட விரித்து வைத்து உரக்க வாசிக்கிற பிள்ளை. காளியாயிக்கு எழுத்து வராது, ஆனால் மகள் வாசிக்கிறபோது அடுப்பில் ரொட்டி கருகினாலும் எழுந்திரிக்க மாட்டாள். ஒருநாள் மாஸ்டரை வழி மறித்து, "மாஸ்டரய்யா, இந்தப் புள்ள மலைக்கு வேலைக்கு வந்துச்சின்னா நான் செத்தா மாதிரிங்க. என்னத்தையாச்சும் செஞ்சி ஸ்கூலக் காப்பாத்துங்க" என்றாள். மாஸ்டர் சரியென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மனு எழுதினார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கூரைக்குக் கொஞ்சம் தகரம், நடுவில் ஒரு தடுப்புச் சுவர். அவ்வளவுதான்.

தோட்டத்து ஆபீஸ் அரசாங்கத்தைக் கேள் என்றது. அரசாங்கம் தோட்டத்தைக் கேள் என்றது. கடைசியில் இரண்டும் சேர்ந்து கொழும்பில் ஒரு குழுவை அமைத்தன. தகரம் கேட்டால் தகரம் கொடுப்பது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். சுதந்திரம் வந்த பிறகு குழு கொடுப்பார்கள். குழுவின் பெயர் 'தோட்டப் பாடசாலை நவீன கட்டட ஆக்கத்திறன் ஆலோசனைக் குழு'. அந்தப் பெயரில் 'நவீன' முன்னால் வருவதா 'ஆக்கத்திறன்' முன்னால் வருவதா என்று பேசித் தீர்க்கவே கூட்டங்கள் பல ஆயின. ஒவ்வொரு கூட்டத்துக்கும் மத்தியானச் சாப்பாடு உண்டு. கூட்டம் சீக்கிரம் முடிந்தால் சாப்பாடு வீணாகிவிடுமே என்று மெதுவாகவே பேசினார்களாம்.

பேசி முடித்து ஒருநாள் ஊசிமலைக்கே வந்துவிட்டார்கள். அன்றைக்கு என்று பார்த்து மூடுபனி எதிரில் நிற்கிற ஆளை மறைத்தது. காரிலிருந்து முதலில் இறங்கியவர் குழுத் தலைவர் சபாரத்தினம், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெருமகன். அடுத்து இறங்கியவர் கட்டடக் கலைஞர் லேனரோல். ஐரோப்பாவில் ஏதோ ஒரு பனி நாட்டில் படித்துவிட்டு வந்தவர். வாயில் புகைக் குழாய், கழுத்தில் துணிப் பட்டி. பேசினால் இங்கிலீஷ், அதைச் சபாரத்தினம் தமிழாக்கினார். வகுப்பறை என்பது சிறைச்சாலை என்றார் லேனரோல். சுவர் சிந்தனையைத் தடுக்கிறது என்றார். பெஞ்சு முதுகெலும்பை அடிமைப்படுத்துகிறது, கரும்பலகை மனசை அடிமைப்படுத்துகிறது என்றார். பெஞ்சும் கரும்பலகையும் கண்டறியாத பிள்ளைகள் ஈர மண்தரையில் குந்தியபடி, நாம் இத்தனை நாளாய் எவ்வளவு சுதந்திரமாய் இருந்திருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார்கள்.

பிறகு சபாரத்தினம் தன் சொந்த அனுபவத்தை எடுத்துச் சொன்னார்.

"என்ரை பிள்ளையள் ரெண்டு பேரும் கொழும்பிலை பெஞ்சும் கரும்பலகையும் உள்ள பழைய பாணிப் பள்ளிக்கூடத்திலைதான் படிச்சவை. ஒருத்தன் டொக்டர், மற்றவன் என்ஜினியர். அந்தக் கொடுமை இந்தத் தோட்டத்துப் பிள்ளையளுக்கு ஒருநாளும் வரக்கூடாது."

குழுவினர் கைதட்டினார்கள். மாஸ்டரும் தட்டினார். தட்டி முடிந்த பிறகுதான் அவருக்கு ஏதோ இடித்தது.

லேனரோலின் கொள்கை என்னவென்றால், பள்ளிக்கூடக் கட்டடம் குழந்தையின் மனசிலிருந்து முளைக்க வேண்டும். எனவே ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளும் கலர்ச் சோக்கும் கொடுத்தார். உலகத்திலேயே உங்களுக்குப் பிடித்த கட்டடத்தை வரையுங்கள் என்றார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கட்டடங்கள் மூன்று. லயம்; அதை யாருக்கும் பிடிக்காது. மாரியம்மன் கோயில், தரையில் தாளைப் போட்டுக் கோயில் கீறினால் அம்மாளுக்குக் கோபம் வரும். மிச்சம் இருப்பது ஸ்டோரு, அதாவது தேயிலைத் தொழிற்சாலை. நாலு மாடி, வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜன்னல், உள்ளே கொழுந்து வாட்டுவதற்கு அடுக்கடுக்காகத் தட்டுகள். மழை நாளில்கூட உள்ளே கதகதவென்று சூடாக இருக்கும் என்று அப்பன்மார் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அத்தனை பிள்ளைகளும் ஸ்டோரைக் கீறினார்கள். பாக்கியம் ஒருபடி மேலே போய்த் தட்டின் கம்பி வலையைக்கூடக் கீறியிருந்தாள்.

தாள்களை வாங்கிப் பார்த்த லேனரோலுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பிள்ளைகள், ஒரே கனவு! அடுக்கடுக்கான மேடைகள், எண்ண முடியாத ஜன்னல்கள்! தூய கற்பனை, தூய கற்பனை என்று மூக்கை உறிஞ்சினார். அந்தத் தூய கற்பனை பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தது. மூடுபனியில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாஸ்டர் முன்னால் வந்து, "ஐயா, அது வந்துங்க, நம்ம..." என்று தொடங்கினார்.

சபாரத்தினம் உதட்டில் விரலை வைத்தார். "மாஸ்டர், ஆக்கத்திறன் பிறக்கிற நேரத்திலை குறுக்கை பேசப்படாது."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். நானாக இருந்தாலும் மூடியிருப்பேன். எப்படிக் கட்டினாலும் கூரை என்று ஒன்று வைத்துத்தானே ஆகவேண்டும் என்று அவர் மனசு கணக்குப் போட்டது. கார்கள் வளைவில் திரும்பி மறைந்த பிறகு பனி விலகி, ஸ்டோரு முழுசாக வெளியே வந்து நின்றது. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

வேலை தொடங்கியது. இடம் தேர்ந்தெடுத்தவர் லேனரோல்தான். கருத்துகள் நாலு திசையிலிருந்தும் வரவேண்டும் என்று மலை முகட்டைக் காட்டினார். அங்கே நாலு திசையிலிருந்தும் வருவது காற்று. ஆடு மேய்க்கிறவன்கூட அங்கே நிற்கமாட்டான். இரண்டு மாடி எழும்பியது. சுவருக்குப் பதில் சுற்றிவரப் பலகைச் சட்டம் போட்ட ஜன்னல்கள். ஒன்றையும் மூட முடியாது, மூடுகிற ஜன்னல் மூடிய மனசை உண்டாக்குமாம். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் கம்பி வலை அடித்த தட்டுகள். அவற்றுக்குச் 'சிந்தனைத் தட்டு' என்று பெயர். பிள்ளைகள் தங்கள் மனநிலைக்கு ஏற்றபடி மேல்தட்டிலோ கீழ்த்தட்டிலோ படுத்துக்கொண்டு சிந்திப்பார்களாம். மாஸ்டர் தயங்கித் தயங்கித் தடுப்புச் சுவரைப் பற்றிக் கேட்டார். இரண்டாம் கட்டத்தில் ஆராய்ச்சி செய்து, தேவை நிரூபிக்கப்பட்டால், பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. ஒன்று சொல்ல வேண்டும், கூரை மட்டும் நல்ல கூரை.

தோட்டத்தில் ஒருவர்கூட அதைப் பள்ளிக்கூடம் என்று நம்பவில்லை. டீமேக்கர் முத்துலிங்கம், அதாவது ஸ்டோரில் தேயிலை பதம் பார்க்கிற பெரிய ஆள், தினமும் சாயங்காலம் வந்து தட்டுக்குத் தட்டு இடைவெளியை முழம் போட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். காளியாயிக்குப் பொறுக்கவில்லை.

"மாஸ்டரய்யா, நம்ம புள்ளைங்களுக்குப் போயி இம்புட்டுச் செலவழிப்பாங்களா? இது கொழுந்து வாட்டுற எடங்க. ஒங்கள நல்லா ஏமாத்துறாங்க."

அது சிந்தனைத் தட்டு என்று மாஸ்டர் விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு போனது.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார் என்றார்கள். பிறகு மந்திரியின் செயலாளர் என்றார்கள். கடைசியில் சபாரத்தினமே நாடாவை வெட்டினார். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்துச் சீவி, ஒவ்வொரு தட்டிலும் வரிசையாகப் படுக்கவைத்திருந்தார்கள். பேச்சு நடக்க நடக்கக் கம்பி வலை முதுகில் பதிந்தது. மேல்தட்டில் ஒருத்தி தும்ம, அந்தத் தும்மல் வரிசையாக எல்லாத் தட்டுக்கும் இறங்கி வந்தது. சபாரத்தினம் அதைக் கேட்டு, பிள்ளைகள் இப்போதே தங்களை வெளிப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று பாராட்டினார்.

மறுநாள் பாடம் தொடங்கியது. மாஸ்டர் வருகைப் பதிவைத் திறந்தார். காற்று அதைப் புரட்டி, ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு தேயிலைக்குள் போனது. கொழுந்தெடுக்கிறவர்கள் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாஸ்டர் கத்தினால் குரல் உடப்புசல்லாவைப் பக்கம் போய்விடும், முன்னால் இருக்கிற பிள்ளைக்குக் கேட்காது. பிள்ளைகளின் பல் தந்தியடித்தது. சிந்தனைத் தட்டில் ஏறியவர்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சிந்தித்தார்கள், எப்போது மணி அடிக்கும் என்று. ஆனால் இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்குக் கூரை இருக்கிறதே என்ற நிம்மதியில் மாஸ்டர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் குளிரில் விறைப்பதைப் பார்த்த தாய்மார், தாங்கள் மழைக்குப் போர்த்துகிற ஈரக் கம்பளிகளைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் மறைப்பாகத் தொங்கவிட்டார்கள். அங்கேதான் வினை வந்தது. அந்த மலையில் ஒரு கம்பளி நனைந்தால் காய்வதற்கு நாள் கணக்காகும்; காய்வதற்குள் மறுபடி நனைந்துவிடும். இங்கே தொங்கவிட்ட கம்பளி மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. செய்தி லயத்துக்கு லயம் பரவியது. கொழுந்தெடுக்கிறபோது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு, தலைத்துணி, பிள்ளைத் துணி என்று எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் படையெடுத்து வந்தன. இந்தச் சேதி முத்துலிங்கத்தின் காதுக்கும் எட்டியது. அவர் வந்து, ஒரு விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேரே தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரையின் பங்களாவுக்கு ஏறிப் போனார்.

சித்திரையில் கொழுந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஸ்டோரு நிரம்பி வழிந்தது. வாட்ட இடமில்லாமல் சாக்கில் கிடந்த கொழுந்து சூடேறிச் சிவந்துபோக, பெரிய துரையின் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெள்ளைக்காரத் துரை; கூலித் தமிழ் என்று ஒன்றைப் படித்து வைத்துக்கொண்டு எல்லாரையும் ஒரே ஏகவசனத்தில் பேசுகிறவர்.

"மாஸ்டர், ரெண்டு நாள். ரெண்டு நாள் மட்டும் கொழுந்து போடு. அப்புறம் புள்ளை போடு."

மாஸ்டர் என்ன சொல்வார்? கொழுந்து தட்டில் ஏறியது. பிள்ளைகள் இறங்கினார்கள். முத்துலிங்கம் மறுநாள் காலையில் ஒரு பிடிக் கொழுந்தை எடுத்து உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே கொண்டுபோய், பெற்ற பிள்ளையை மோந்து பார்க்கிற மாதிரி மோந்து பார்த்தார். அப்படி ஒரு பதத்தை அவர் தன் உத்தியோகத்தில் கண்டதில்லையாம். அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்தில் போட்டிபோட்டு விலைக்குப் போனது. துரை அன்றைக்குக் கணக்கப்பிள்ளைக்கெல்லாம் கைகொடுத்தார். ரெண்டு நாள் முடிந்தது, ரெண்டு வாரம் முடிந்தது, கொழுந்து இறங்குகிற பாடாக இல்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று பள்ளிக்கூடம் மறுபடியும் அந்த உரக் கொட்டகைக்கே வந்து சேர்ந்தது.

மாஸ்டர் இடிந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பெற்றீசியா சோற்றைப் போட்டுக்கொண்டே, "நீங்க தகரம் கேட்டு எழுதுனீங்க, அவங்களுக்குக் கொழுந்து மாடி கெடச்சிச்சி. பேசாம ஸ்டோருக்கு மாடி கேட்டு எழுதியிருந்தா நமக்கு இந்நேரம் ஒரு ஸ்கூலு கெடச்சிருக்கும்" என்றாள். மாஸ்டருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உண்மையில் அன்றைக்கு அவர் அழுதார். பாக்கியத்தின் கையில் புல்லுவெட்டியை நினைத்துப் பார்த்தார், அதுதான் காரணம்.

மறுபடி கொழும்புக்கு எழுதினார். குழு வந்தது. அன்றைக்கும் பனிதான், இந்தக் குழுவுக்கும் பனிக்கும் ஏதோ ஒப்பந்தம் போலும். சிந்தனைத் தட்டெல்லாம் கொழுந்து மெத்தென்று விரிந்து கிடந்தது. லேனரோல் கோபப்படுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். அவரோ கொழுந்தைத் தடவிப் பார்த்து, ஒரு நல்ல கட்டடம் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்கிறது என்று மெய்சிலிர்த்தார். குழு அங்கேயே நின்றபடி கூடி ஆராய்ந்தது. முடிவைச் சபாரத்தினம் அறிவித்தார்.

"மாஸ்டர், கட்டடத்திலை ஒரு பிழையும் இல்லை. இதிலை படுத்துப் பிள்ளையள் நடுங்கினவை, தும்மினவை. கொழுந்து நடுங்கேல்லை, தும்மேல்லை. ஏலத்திலை முதலாவதா வந்திருக்கு. அப்ப ஆக்கத்திறன் ஆரிட்டை இருக்கு எண்டு நீங்களே யோசியுங்கோ."

குழு தன் முயற்சி வெற்றி என்று தீர்மானம் நிறைவேற்றியது. காரில் ஏறும்போது சபாரத்தினம் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் ஊசிமலைக்கு வருகிறாராம். கட்டடத்தை நல்லபடியாகக் காட்டச் சொன்னார்.

மாஸ்டர் நேரே ஸ்டோருக்குப் போனார். துரையிடம் பேசினால் ரெண்டு நாள் என்பார் என்று தெரியும், முத்துலிங்கத்திடமாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று போனார். முத்துலிங்கம் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்குப் பிள்ளைகளைவிடக் கொழுந்து கொஞ்சம் நெருங்கிய சொந்தம். முகட்டுக் கட்டடத்தை விடவே முடியாது என்று கையை விரித்தார். அதன் அருமையைச் சொல்லப் போய்த்தான் வாயை விட்டார். ஸ்டோரின் நாலாம் மாடி இருக்கிறதே, அதற்குப் பின்னால் மலை மறித்துக்கொண்டு காற்றே வராதாம். கீழே தேயிலை காயவைக்கிற அடுப்பின் சூடு மட்டும் ஏறி நிற்குமாம். அங்கே போட்ட கொழுந்து எப்போதும் புழுங்கிக் கெட்டுப்போகுமாம். முகட்டுக் கட்டடம் வந்ததிலிருந்து அந்த மாடியைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டி வைத்துவிட்டாராம்.

"காத்தே வராதுங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"பொட்டுக் காத்து வராது."

"ஒழுகாதுங்களா?"

"ஸ்டோரு ஒழுகினா தொரை என் தோலை உரிச்சிருவாரு."

மாஸ்டர் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."

முத்துலிங்கம் பயந்துபோய்த் துரைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். மாஸ்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ரெண்டு நாளுதாங்க. ரெண்டு நாளு புள்ளைய போடுறேன். அப்புறம் கொழுந்து போடுங்க."

நாலாம் மாடிக்கு வெளிப்பக்கத்திலேயே ஒரு மரப்படி உண்டு. இயந்திரம் ஓடுகிற இடத்துக்குள் நுழையவே வேண்டாம். மறுநாள் பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். உள்ளே கால் வைத்ததும் எல்லாரும் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்கள். பலகைத் தரை வெதுவெதுப்பாக இருந்தது. சின்னது ஒன்று தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. பழைய தட்டுச் சாக்குகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மாஸ்டர் ஐந்து வகுப்பையும் பிரித்தார். முதல் தடவையாக, தன் ஆயுளிலேயே முதல் தடவையாக, கத்தாமல் பாடம் சொன்னார். பிறகு கொஞ்சம் நிறுத்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அடுப்புச் சூட்டில் கண்ணாடி வேர்த்துவிட்டது என்றார். பிள்ளைகள் நம்பிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளும் மழைதான். முதலில் முகட்டுக்குத்தான் ஏறினார். அங்கே பிள்ளைகளைக் காணோம். பெண்கள் கொழுந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் காளியாயியும் இருந்தாள். பள்ளிக்கூடம் எங்கே என்று அவர் கேட்க, அவள் பணிவாக, "இதுதாங்க ஸ்கூலு. புள்ளைங்க ஸ்டோருல இருக்காங்க" என்றாள். இதற்குள் செய்தி தெரிந்து துரையும் விழுந்தடித்துக்கொண்டு வந்துவிட்டார். எல்லாருமாக ஸ்டோர்ப் படியேறினார்கள்.

இன்ஸ்பெக்டர் தொப்பலாக நனைந்திருந்தார். உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். வெளியே போக அவருக்கே மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தார். சாக்குத் தடுப்பைத் தூக்கிப் பார்த்தார். பாக்கியத்தை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். அடுத்த வகுப்பின் சத்தம் கேட்காமல் ஒரு பிள்ளையின் குரல் மட்டும் தனியாக அந்தத் தோட்டத்தில் கேட்டது அன்றைக்குத்தான். படியில் நின்ற காளியாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஸ்டோருக்குள் பிள்ளைகளை விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது வேலைக்குத்தானுங்களே ஐயா. படிக்கிறதுக்கு விடக்கூடாதுன்னு யாரும் சட்டம் போடலீங்க. இப்பிடி நடக்கும்னு யாருக்கும் தோணியிருக்காது" என்றார் மாஸ்டர்.

துரை குறுக்கிட்டார். இது தன் ஸ்டோர், உடனே காலி பண்ணு என்றார். மாஸ்டர் துரையின் கண்ணைப் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"பண்ணுறேங்க தொரை. முகட்டுல இருக்கிற கொழுந்த நீங்க எடுங்க, நான் புள்ளைங்கள எடுக்குறேன். ரெண்டுல எது எங்க இருக்கணும்னு இன்ஸ்பெக்டரய்யா முன்னாடி நீங்களே சொல்லிருங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார். துரை ஜன்னல் வழியாக முகட்டைப் பார்த்தார். மழைக்குள்ளேயும் அங்கே காற்று ஒழுங்காக வீசிக்கொண்டுதான் இருந்தது. அவர் கணக்கில் கெட்டிக்காரர். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்தார். பிறகு, "புள்ளை இங்கே இருக்கட்டும்" என்றார். எத்தனை நாளைக்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். துரை ரெண்டு என்று வாயெடுத்து, பேனாவைப் பார்த்து, "எல்லா நாளும்" என்று முடித்தார். பள்ளிக்கூடம் பதிவில் தங்கியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏலத்து விலை சும்மா விடுமா? சுற்றுவட்டத்துத் தோட்டங்களுக்கெல்லாம் விஷயம் பரவியது. அரசாங்கச் செலவில் பள்ளிக்கூடம் என்று கேட்டால் ஒரு முதல் தரமான கொழுந்து மாடி கிடைக்கிறது என்று துரைமார் கண்டுகொண்டார்கள். பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தாலே காது கேளாதவர்கள், தங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் ஆக்கத்திறன் வாடுகிறதே என்று போட்டி போட்டுக்கொண்டு மனு அனுப்பினார்கள். கொத்மலைப் பக்கத்துத் துரை ஒருவர், பிள்ளைகளே இல்லாத தோட்டத்துக்கும் ஒன்று கேட்டாராம். சபாரத்தினம் ஆண்டுக் கூட்டத்தில் அந்த மனுக்களைத் தூக்கிக் காட்டி, தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியில் துரைமாருக்கு இவ்வளவு அக்கறை வந்தது இந்தத் தீவின் சரித்திரத்திலேயே இதுதான் முதல் தடவை என்று முழங்கினார். பாவம், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

முகடு முகடாகப் பள்ளிக்கூடங்கள் எழும்பின. அந்தந்தத் தோட்டத்து வாத்தியார்மார் பதறிப்போய் ஊசிமலைக்குப் படியேறி வந்தார்கள். குழுவை எப்படித் தடுப்பது, பெட்டிஷன் எழுதலாமா, யூனியனிடம் சொல்லலாமா என்று கேட்டார்கள். வியாகுலம் மாஸ்டர் அவர்களை நாலாம் மாடியில் உட்கார வைத்து, கீழேயிருந்து புதுத் தேயிலையில் போட்ட சாயத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார்.

"யாரையும் தடுக்காதீங்க. சிந்தனைத் தட்டு வேணும்னாங்கன்னா இன்னும் ரெண்டு சேர்த்துப் போடச் சொல்லுங்க. கையைத் தட்டுங்க. ஆனா மொதல்ல ஒங்க ஸ்டோருல எந்த மாடியில காத்து வராதுன்னு பாத்து, அதோட சாவிய வாங்கி மடியில வச்சிக்கிடுங்க. அதுக்கப்புறம் நாடாவ வெட்ட விடுங்க" என்றார்.